முகத்துக்கா, கையெழுத்துக்கா

என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கதை சொல்லும் வேடம் கிடைத்த மாலையில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான்.

வேனிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டாள். ஜோகுபாளையத்தில் எங்கள் தெரு குறுகல். பள்ளி வேன் உள்ளே வராது, பெரிய ரோட்டு முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும் நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகள் வந்து வந்து போவார்களாம். இவள் மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மேடை ஓரத்தில் மைக் முன்னால் நிற்பாளாம். ஒரு விளக்கு தனியாக இவள் மேல் விழுமாம்.

"எம்மேல மட்டும்மா," என்று மறுபடியும் சொன்னாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணைச் சுற்றி, புருவத்தின் பாதியையும் சேர்த்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு திட்டு. பொட்டளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பரவியது. என் உதட்டோரத்திலும் இரண்டு கைகளிலும் இருக்கிற அதே வெள்ளை. தோல் டாக்டர், "இது ஒட்டாது, ஆபத்தும் கிடையாது, சில குடும்பங்கள்ல இப்படி வர்றதுண்டு" என்றார். சில குடும்பங்கள் என்று சொல்லும்போது என் உதட்டைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டையும் நான் கவனித்தேன். இப்படிப்பட்டவை என் கண்ணுக்குத் தப்பாது.

"யாரு செலக்ட் பண்ணாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"இங்கிலீஷ் மிஸ்."

"வேற யாரும் அந்த ரோல் கேக்கலியா?"

"நெறைய பேர் கேட்டாங்க."

"அப்புறம் ஏன் உனக்குக் குடுத்தாங்க?"

அவள் நின்றாள். ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. "ஏன்னா?" என்றாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நட" என்றேன்.

என் மனத்தில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். திட்டு விழுந்த ஒரு முகத்தைக் கொண்டுபோய் விளக்குக்கு அடியில் நிறுத்துகிறார்கள் என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பரிதாபம். பார்த்தீர்களா, எங்கள் பள்ளியில் யாரையும் ஒதுக்குவதில்லை என்று பெற்றோருக்குக் காட்டிக்கொள்வது. இன்னொன்று என் வேலை. நான் கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். தனியார் பள்ளிகளின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் கோப்புகள் என் மேசைக்கு வரும். முடிவெடுப்பது நான் இல்லை. ஆனால் நான் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கோப்பும் மேலே போகாது. மகளின் பள்ளிக் கோப்பு அந்த மாதம்தான் முதல்முறையாக என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வாரமே அவளுக்கு வேடம்.

அவளுக்கு நன்றாகப் பேச வரும், அதனால் கொடுத்திருக்கலாம் என்ற மூன்றாவது காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இப்படி யோசிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். என் அப்பா சுகாதார ஆய்வாளராக இருந்தவர். அல்சூர் பக்கம் ஹோட்டல், பேக்கரி, இறைச்சிக் கடை எல்லாம் அவர் போய்ப் பார்க்க வேண்டியவை. அந்தக் கடைகள் எதிலும் நாங்கள் சாப்பிட்டது கிடையாது. தெருவில் யாராவது கூடுதலாகச் சிரித்தாலே அப்பாவுக்கு ஆகாது. ஒருமுறை பேக்கரிக்காரர் என் கையில் ஒரு பன்னைத் திணித்துவிட்டார். அப்பா அதை என் கையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டு என்னை நடத்திக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மாவிடம், "எதுக்குக் குடுக்கறான்?" என்றார்.

"கொழந்தைன்னு குடுத்திருப்பாரு. வேற எதுக்கு," என்றாள் அம்மா.

"யாரு கொழந்தைன்னு தெரிஞ்சு குடுத்திருக்கான்."

அந்த 'எதுக்கு' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச காலத்தில் என் உதட்டோரம் வெளுக்க ஆரம்பித்தது, பிறகு கைகள். பள்ளியில் கை கோத்து ஆடும் விளையாட்டில் என் இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. என் பெஞ்சில் நான் தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். காலியாக வேறு இடங்கள் இருந்தும் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் கைவிட்டு எடுத்தாள். கணக்குப் பாடம் அலுத்தபோது என் கையைப் பிடித்து இழுத்து, பேனாவால் வெள்ளைத் திட்டின் ஓரமாகவே கோடு போட்டு, "இது சிலோன் மாதிரியே இருக்குடி. இங்க ஒரு ஊரு வைக்கலாமா?" என்றாள். நான் சிரித்து, டீச்சரிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். என் கையை அதற்கு முன் யாரும் அப்படிச் சாதாரணமாகத் தொட்டதில்லை.

அவளுடைய அப்பா அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிலிருந்து அவள் என் கையைத் தொடும்போதெல்லாம் அந்த 'எதுக்கு' எனக்குள் தலையைத் தூக்கியது. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்களோ? ஆய்வாளர் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள், பார்த்து நடந்துகொள் என்று?

அந்த வருஷம் மழைக்காலத்தில் அப்பா அந்த ஹோட்டலின் அடுக்களையை மூடவைத்தார். தண்ணீர்த் தொட்டியில் எலி செத்து மிதந்ததாம். அம்மா, "கொழந்தையோட சிநேகிதி வீட்டு ஹோட்டல். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லி, கழுவ வெச்சிருக்கலாமே," என்றாள்.

அப்பா சொன்னார்: "அந்தத் தண்ணிய குடிக்கறதும் யாரோ ஒருத்தரோட கொழந்தைதான். அதுக்கு யாரு ஒரு வார்த்தை சொல்றது?"

அப்பா செய்தது தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ததும் ஹோட்டலைத் திரும்பவும் திறந்தார்கள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவள் என் பெஞ்சுக்கு வரவில்லை. ஜன்னலோரம் வேறொரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. கோபமா, வீட்டில் தடையா, இல்லை வேஷம் போட்ட வேலை முடிந்துவிட்டதா? நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அழுதுகொண்டிருந்த என் தலையை வாரிவிட்டபடி அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "அவ நிஜமா பழகினாளோ பொய்யா பழகினாளோ, விடு. நீ சிரிச்சியே, அது நிஜந்தானே? அதை ஏன் தூக்கிப் போடற?"

அப்போது அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. யாராவது அன்பாக இருந்தால் அது என் முகத்தைப் பார்த்து வந்த பரிதாபமாக இருக்கும், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் போடும் கையெழுத்தின் மீதான கண்ணாக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு நானே கையெழுத்துப் போடுகிறவளாக ஆனேன். சந்தேகத்துக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

நாடக விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு மகளை விடும் சாக்கில் நானும் பள்ளிக்குள் போனேன். டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். வந்ததோ பிரின்சிபால். என்னை அவர் அறைக்கு அழைத்துப்போய், காற்றாடியை என் பக்கம் திருப்பி வைத்தார். டீ வந்தது, தட்டில் கேக் வந்தது. மகள் அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் எனக்குத் தண்ணீர்கூட வந்ததில்லை.

"உங்க பொண்ணு ரொம்ப பிரில்லியன்ட் மேடம். டிராமால நல்ல ரோலா பாத்துக் குடுங்கன்னு நான்தான் சொல்லிவெச்சேன்," என்றார். பிறகு கேக் தட்டை என் பக்கம் நகர்த்தி, "நம்ம ஃபைல் உங்க டேபிளுக்கு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். அவசரம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

அவசரம் இல்லை என்பதைவிட அவசரமான வார்த்தை எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

நான் கேக்கைத் தொடவில்லை. என் சந்தேகம் சரியாகிவிட்டதில் ஒரு கசப்பான திருப்திகூட இருந்தது. பிடித்துவிட்டேன் என்கிற மாதிரி. தெருவில் நடந்துகொண்டே, எம்மேல மட்டும்மா என்று சொன்னபோது இருந்த அவள் முகம் நினைவுக்கு வந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

வெளியே வராந்தாவில் இங்கிலீஷ் டீச்சரே எதிரில் வந்தார். சின்ன வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கையில் நாடகத் தாள்கள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மிஸ், எம்பொண்ணுக்கு அந்த ரோல் பிரின்சிபால் சொல்லித்தான் குடுத்தீங்களா?"

அவர் முகம் மாறியது. "பிரின்சிபால் சாரா? யாருக்கு என்ன ரோல்னு அவருக்கு முந்தாநேத்து வரைக்கும் தெரியாது மேடம். லைட்டுக்கு பர்மிஷன் கேக்கப் போனப்பதான் லிஸ்ட்டையே பாத்தாரு. இது எந்தப் பொண்ணுன்னு கேட்டாரு. நான் சொன்னேன்."

அவர் சம்பளம் வாங்குவது இந்தப் பள்ளியில்தானே, அவரும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. "அப்ப அவ மூஞ்சியப் பாத்து பாவம்னு குடுத்தீங்களா?" என்றேன்.

டீச்சர் வராந்தாவின் கம்பியில் சாய்ந்து, கையிலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

"உண்மையச் சொல்லட்டுமா மேடம்? அந்தத் திட்டைப் பத்தி நான் யோசிச்சேன். வாசிக்க வெச்சப்ப அவதான் பெஸ்ட். அது எனக்கு உடனே தெரிஞ்சுது. தப்பு வந்தா மத்த பசங்க நின்னுடுவாங்க, இவ நிக்க மாட்டா. ஆனா லைட் போட்டு தனியா நிறுத்தணுமே, பேரண்ட்ஸ் யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களோ, அவளுக்கே கஷ்டமாயிடுமோன்னு பயந்தேன். வேற பொண்ணுக்குக் குடுத்துடலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் இவகிட்டயே கேட்டேன். லைட் கண்ணைக் கூசுமா மிஸ்னு சொன்னா. அவ்ளோதான் கேட்டா. அதுக்கப்புறம் நான் எதுவும் யோசிக்கல."

அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்திருந்தால் வேறொரு பெண்ணுக்குக் கொடுக்க நினைத்ததைச் சொல்லியிருக்கவே மாட்டார். பொய் சொல்லுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தன்னைத் தாழ்த்தும் சங்கதியை யாரும் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. அந்த வராந்தாவில், நான் நம்பத் தயாராக இல்லாதபோதும், அவரை நம்பினேன்.

ஆனால் தூணுக்குப் பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. ஒத்திகை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோயில் திருப்பம் தாண்டியதும், "நீ போய் மிஸ்ஸ கேட்டியா? எனக்கு ஏன் குடுத்தீங்கன்னு?" என்றாள்.

"அப்படி இல்ல கண்ணு. எனக்கு ஆபீஸ்ல..."

"எனக்கு நல்லா வரும்மா. அதனாலதான் குடுத்தாங்கன்னு உனக்குத் தோணவே இல்லியா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். யார் மனத்தில் என்ன இருக்கிறது என்று அத்தனை பேரையும் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிரே இருந்தவளை நான் பார்க்கத் தவறியிருந்தேன். "இப்பதான் தோணுது" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இறங்கும்போது பையை என்னிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை என் மேலதிகாரியிடம் போனேன். அந்தக் கோப்பை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுங்கள், என் மகள் அங்கே படிக்கிறாள் என்றேன். அவர் கன்னடத்தில், "அவள் அங்கே சேர்ந்து வருஷங்கள் ஆகிறதே மேடம். இப்போது என்ன புதிதாக?" என்று கேட்டார். கோப்பு இப்போதுதான் என்னிடம் வந்தது என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். "அவர்கள் ஏதாவது கேட்டார்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லை, நீங்கள் ஏதாவது..." என்று முடிக்காமல் விட்டார்.

அந்த முடிக்காத வார்த்தை சுருக்கென்று தைத்தது. மற்றவர்களை நான் பார்க்கிற அதே பார்வை என் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். "யாரும் எதுவும் கொடுக்கவில்லை சார். நானும் கேட்கவில்லை. கொடுக்கிற மாதிரி ஒரு சூழ்நிலை வந்துவிட்டது, அதனால்தான்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மாற்றி எழுதினார். நம்பினாரா என்று தெரியாது.

கோப்பை வாங்கிக்கொண்ட சக ஊழியர் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தார். இருக்கிற இரண்டு மாடிப்படிகளில் ஒன்றைப் பூட்டி, அதில் உடைந்த பெஞ்சுகளைக் குவித்துவைத்திருந்தார்களாம். தீ விபத்து வந்தால் பிள்ளைகள் இறங்க வேண்டிய வழி அது. அதைச் சரிசெய்யாமல் கோப்பு நகராது என்று எழுதிவிட்டார். அன்று மாலையே பிரின்சிபால் எனக்கு போன் செய்தார்.

"நீங்க இருந்தும் இப்படி ஆயிடுச்சே மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அந்தப் படியில எம்பொண்ணும்தான் சார் இறங்கணும்," என்றேன்.

அவர் சரி மேடம், சரி மேடம் என்று வைத்துவிட்டார். வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மகள் வேனைவிட்டு இறங்கும்போதெல்லாம் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். வேடத்தைப் பிடுங்கிவிட்டார்களா என்று.

ஒருநாள் அவளே சொன்னாள். "இன்னிக்கு ரிகர்சலுக்கு பிரின்சிபால் சார் வந்தாரும்மா. மிஸ்ஸ தனியா கூப்பிட்டு ஏதோ சொன்னாரு. மிஸ் தலையாட்டினாங்க."

"எப்படி ஆட்டினாங்க? ஆமான்னா, இல்லன்னா?"

"தெரியல. சும்மா ஆட்டினாங்க."

அந்த வாரம் முழுக்க அந்தத் தலையாட்டலை நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். டீச்சருக்கு போன் செய்யக் கை போனது, செய்யவில்லை. மறுபடியும் கேட்டால் மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. வேடம் போகவில்லை. அவர் அன்று என்ன சொன்னார், டீச்சர் எதற்குத் தலையாட்டினார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. விழாவுக்கு முன்பே பூட்டியிருந்த மாடிப்படியைக் காலி செய்துவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். அந்த வழியாக இறங்கினால் கேன்டீன் பக்கமாம்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் ஒப்பனை செய்ய ஒரு பெண்மணியை வரவழைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். என் மகள் உட்கார்ந்ததும் அந்தப் பெண்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்து மெதுவாக, "இத மறைச்சிடலாம்மா. ரெண்டு கோட் போட்டா தெரியவே தெரியாது" என்றார். நல்ல மனசோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சரி என்று சொல்லத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மகள் கண்ணை மூடிக்கொண்டே, "மத்தவங்களுக்குப் போட்ட மாதிரியே போடுங்க ஆன்ட்டி. தனியா ஒண்ணும் வேணாம், அது வேர்த்தா அரிக்கும்" என்றாள்.

அப்படியே போட்டார். விளக்கு அவள் மேல் விழுந்தபோது எனக்கு முன் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் காதைத் தீட்டினேன். ஆனால் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள், அவர் சொன்னது கேட்கவில்லை. அதற்குமேல் நான் அவளைத்தான் கேட்டேன். நாடகம் முடிந்ததும் டீச்சர் ஓரத்தில் நின்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கை தட்டிக்கொண்டிருந்தார். பிரின்சிபால் எனக்கு வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போனார்.

இந்த வருஷமும் ஆண்டு விழா வந்தது. மகள் பெயர் எதிலும் இல்லை. அந்த டீச்சர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். எனக்குள் பழைய கணக்குகள் எல்லாம் எழுந்துவிட்டன. பிரின்சிபால் மறக்கவில்லை போலிருக்கிறது, புதிதாக வந்தவர்களுக்கு முகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று. இந்த முறை யாரிடமும் போகவில்லை. சாப்பிடும்போது அவளிடமே கேட்டேன்.

"ஏன் கண்ணு, உன்னை ஒண்ணுலயும் சேத்துக்கலியா?"

அவள் அப்பளத்தை உடைத்தபடி, "இந்த தடவ எல்லாமே டான்ஸ்மா. எனக்கு டான்ஸ் வராது" என்றாள்.

அவளுக்கு டான்ஸ் வராது என்பது உண்மைதான்.